பணயக்கைதிக்கு ஆட்கள் தேவை

"ஏங்கண்ணு, உனக்குப் பயந்தாப்ல நடிக்க வருமா?"

செக்கிங் டேபிளுக்கு வந்து நின்றுகொண்டு சாரதாமணி அக்கா இப்படிக் கேட்டபோது, கையிலிருந்த பனியனை உள்ளே திருப்பிப் பார்த்தோமா வெளியே திருப்பிப் பார்த்தோமா என்பதே விஜயராணிக்கு மறந்துபோயிற்று. சாரதாமணி அக்கா அந்தப் பனியன் கம்பெனியில் ஒரு தையல் லைனின் சூப்பர்வைசர். நாற்பது டெய்லர்களைக் கண் பார்வையிலேயே அடக்கி வைத்திருப்பவள்.

விஜயராணிக்குப் பத்தொன்பது வயது. பத்தாம் வகுப்பில் ஒரு நாள் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னார்கள். எழுந்து நின்றாள், குரல் வரவில்லை. மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து மண்ணரையில் லைன் வீடு எடுத்திருந்த குடும்பம். போகாவிட்டால் கம்பெனிக்கு வா என்று விட்டுவிட்டார்கள். லாரி ஹாரனுக்குப் பயம். வீட்டுக்காரம்மாவின் செருப்புச் சத்தத்துக்குப் பயம். தெரியாத நம்பரிலிருந்து போன் அடித்தால் அது அடித்து ஓயும் வரை பயம். பயப்படாத மாதிரி நடிப்பதைத்தான் இத்தனை வருடமாகச் செய்துகொண்டிருக்கிறாள். பயந்தாப்ல நடிக்க வருமா என்றால் என்னவென்று சொல்வது? தலையை ஆட்டினாள்.

"அது போதும். நீ ஒண்ணுமே பேச வேண்டாம். அழுதாச் சரி."

விஷயம் இதுதான். பெருமாநல்லூர் தாண்டி, ஆர்டர் இல்லாமல் பூட்டிக் கிடந்த ஒரு நிட்டிங் கம்பெனியை ஒரு பயிற்சி நிறுவனத்தார் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். சண்டை நடக்கிற நாடுகளுக்கு, சண்டை போட அல்ல, அந்தச் சண்டைக்கு நடுவில் ஆஸ்பத்திரி நடத்தவும் தண்ணீர்க் குழாய் போடவும் தேர்தல் நடத்திக் கொடுக்கவும் போகிற சாதாரண ஆட்களுக்கு அங்கே பத்து நாள் பயிற்சி. நர்ஸ், இன்ஜினீயர், வக்கீல் என்று பல வேலைக்காரர்கள். போகிற வழியில் யாராவது கடத்திக்கொண்டு போனால் எப்படி உயிரோடு திரும்புவது என்பது கடைசிப் பாடம். அந்தப் பாடத்துக்குக் கடத்துகிறவர்கள் வேண்டும், ஊர் ஜனங்கள் வேண்டும், கூடவே மாட்டிக்கொண்டு அழுவதற்கு ஒரு உள்ளூர்ப் பெண் வேண்டும். வாரக் கடைசியில் வேலையில்லாமல் இருந்த டெய்லர்களைச் சாரதாமணி அக்கா திரட்டிக்கொண்டு போனாள்.

கடத்தல்காரர்களுக்குத் தலைவன் வேடம் சுடலை அண்ணாச்சிக்கு. பவர் டேபிள் என்கிற தையல் வரிசையில் மூலை மெஷின் அவருடையது. வாய் சும்மா இருக்காது.

"பீஸ் ட்ரெயினிங்னு சொன்னீயளே, எத்தன பீஸு அக்கா? டஜன் கணக்கா, ஷிப்ட் கணக்கா?"

"அந்தப் பீஸ் இல்லீங்க அண்ணா. பீஸுன்னா சமாதானமாமா."

"சமாதானத்துக்கு எதுக்கு என் கையில துப்பாக்கி?"

வேனில் எல்லாரும் சிரித்தார்கள். துப்பாக்கி மரத்தில் செதுக்கிக் கறுப்பு அடித்தது. இருந்தாலும் அவர் அதை மடியில் வைத்திருந்த விதம் விஜயராணிக்குப் பிடிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சனிக்கிழமை ஒத்திகை. மகுடேஸ்வரன் சார்தான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. போலீஸில் இருந்தவர், வெளிநாட்டு அமைதிப் பணிக்கு இரண்டு தடவை போய்வந்தவர். நரைத்த மீசை, குரல் மட்டும் வாத்தியார் குரல்.

"கைதிங்க அழுவாங்க, கெஞ்சுவாங்க. நோ நோம்பாங்க, ப்ளீஸ் ப்ளீஸ்ம்பாங்க. எதுக்கும் எறங்கி வரக் கூடாது. நீங்க எறங்கி வந்தா அவங்க இங்க கத்துக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. ஆனா நெஜமாவே யாருக்காவது அடிபட்டுச்சு, முடியாமப் போச்சுன்னா ஒரே ஒரு வார்த்தை இருக்கு. நோ பிளே. இது விளையாட்டில்லன்னு அர்த்தம். அது காதுல விழுந்த நிமிஷம் எல்லாம் நிக்கணும். புரியுதா?"

"புரியுது சார்" என்று கூட்டமாகச் சொன்னார்கள். நாளை நடக்கப்போவது எது, எங்கே என்று பயிற்சிக்கு வந்தவர்களிடம் மூச்சு விடக் கூடாது என்றும் சொன்னார்.

கைதிகளை அடைக்கப் போகிற இடத்தைக் காட்டினார்கள். மெஷின்களைக் கழற்றிக்கொண்டு போன வெறும் ஷெட். ஆனால் பஞ்சை யார் கழற்றிக்கொண்டு போவார்கள்? கூரைச் சட்டங்களில், ஒயர்களில், ஜன்னல் கம்பிகளில் எல்லாம் பல வருடத்துப் பஞ்சு நூல் நூலாகத் தொங்கியது. சுடலை அண்ணாச்சி ஒத்திகைக்காகத் தரையில் ஓங்கி மிதித்துக் காட்டினார். மிதித்த இடத்திலிருந்து பஞ்சுத் தூசி எழும்பி, கூரை ஓட்டை வழியாக வந்த வெயிலில் கரையாமல் அப்படியே நின்றது. விஜயராணி தாவணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

அங்கேதான் ஜெயசுதாவைப் பார்த்தாள்.

கழுத்தில் பயிற்சி அடையாள அட்டை தொங்க, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தாள் அந்த அக்கா. முப்பத்தைந்து வயது இருக்கலாம். பழுப்புப் பையிலிருந்து சுருட்டிய சாக்ஸ் ஒன்றை எடுத்து, அதற்குள்ளிருந்து நீல நிற டப்பா ஒன்றை உருவி, வாயில் வைத்து அழுத்தினாள். புஸ்ஸென்று சத்தம். திரும்பியவள் விஜயராணியைப் பார்த்ததும் வெளிறிப்போனாள்.

"பாத்துப்போட்டீங்களா கண்ணு?"

விஜயராணியின் பார்வை டப்பாவை விட்டு நகரவில்லை.

"வீசிங்குங்க. எப்பயாவதுதான் வரும். தூசி பட்டா மட்டுந்தான். நான் போற ஊர்ல தூசியே கெடையாது, மழையும் காடுந்தான்." சொல்லிக்கொண்டே பக்கத்தில் வந்து விஜயராணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஜில்லென்று இருந்தது. "மூச்சுக் கோளாறு இல்லைன்னு பாரத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். தெரிஞ்சா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிச்சிருவாங்க. பன்னெண்டு வருசமா ஒரே ஆஸ்பத்திரி, ஒரே வார்டுல நர்ஸு கண்ணு. அனுப்பர்பாளையத்துல எங்கூட்டுல, உனக்கு எதுக்கு வெளிநாடு, பேசாம ஒரு கலியாணத்தைப் பண்ணிட்டு இருன்னு ஒரே பேச்சு. மூணு தடவை எழுதிப்போட்டு இப்பத்தான் கெடைச்சிருக்கு. இதை விட்டா வயசு தாண்டிரும். யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க. சென்னிமலை முருகன் மேல சத்தியம் பண்ணுங்க."

விஜயராணி தலையை ஆட்டினாள். தலையாட்டினால் சத்தியம் ஆகுமா என்று தெரியவில்லை. ஆகும் என்றுதான் பயமாக இருந்தது.

அக்கா, அந்த ஷெட்டு முழுக்கப் பஞ்சு என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லக் கூடாது என்று மகுடேஸ்வரன் சார் சொன்னதும் கூடவே வந்தது. இரண்டும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு தொண்டையிலேயே நின்றன. ஜெயசுதா சாக்ஸைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வேன் கிளம்பியது. உள்ளே பயிற்சிக்காரர்கள் ஆறு பேர். வழியில் உதவி கேட்டு ஏறிக்கொள்ளும் கிராமத்துப் பெண்ணாக விஜயராணி. ஏறியதும் ஜெயசுதாவுக்குப் பக்கத்து இடம்தான் காலியாக இருந்தது. ஜெயசுதா அவளைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாமல் உதட்டோரத்தில் மட்டும் சிரித்தாள். பை காலடியில் இருந்தது. இப்போது சொன்னாலும் போதும், ஒரு தடவை அழுத்திக்கொண்டு இறங்கலாம் என்று விஜயராணிக்குத் தோன்றியது. சொல்லிவிடலாம். அடுத்த வேப்பமரம் வந்ததும் சொல்லிவிடலாம். வேப்பமரம் வந்தது, போயிற்று. அடுத்த வளைவில் என்று நினைத்தாள்.

வளைவில்தான் பட்டாசு வெடித்தது.

பட்டாசு என்று தெரியும். வெடிக்கப் போகிறது என்றும் தெரியும். தெரிந்தும் உடம்பு முழுக்கக் குலுங்கிப்போயிற்று. சாலைக்குக் குறுக்கே சவுக்குக் கட்டை. முகத்தில் பனியன் துணி கட்டிய ஆறு பேர் கதவை அடித்துத் திறந்தார்கள்.

"எறங்கு! எறங்கு! கையத் தூக்கு!"

அது சுடலை அண்ணாச்சியின் குரல். அந்தக் கண்ணை மட்டும் பார்த்தால் யாரோ போல இருந்தது. பைகளைப் பிடுங்கினார்கள், போன்களைப் பிடுங்கினார்கள். கைகளைப் பின்னால் இழுத்து, ஜட்டிக்குப் போடுகிற எலாஸ்டிக்கால் கட்டினார்கள். வெட்டி மிஞ்சிய துணியில் தைத்த பை ஒன்று தலையில் இறங்கியது. வெளிச்சம் போயிற்று.

தோளைப் பிடித்து நடத்தினார்கள். காலுக்குக் கீழே மண், பிறகு சிமெண்டு. உள்ளே வந்தாயிற்று என்று மூக்கே சொன்னது. சுவரோரமாக உட்காரவைத்தார்கள். வலது பக்கம் யாரோ இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மருந்து நெடியும் தேங்காய் எண்ணெய் வாசமும் வந்தது. ஜெயசுதா அக்கா.

பூட்ஸ் கால்கள் இப்படியும் அப்படியும் ஓடின. ஒரு இரும்பு டிரம்மைக் கட்டையால் அடித்தார்கள். அடிக்கு அடி கூரை அதிர்ந்து மேலேயிருந்து ஏதோ மெதுவாகக் கழுத்தில் விழுந்தது. பஞ்சுதான். கைதிகள் கெஞ்ச ஆரம்பித்தார்கள். "நோ, ப்ளீஸ்!" என்றது ஒரு ஆண் குரல். "ப்ளீஸ், நோ, ப்ளீஸ்!" என்றது வேறொன்று. விஜயராணி அழுதாள். அழவேண்டிய இடம் என்பதால் அல்ல.

கொஞ்ச நேரத்தில் யாரோ ஓடிவந்து, "சார், துப்பாக்கியோட ஆள் நிக்குதுன்னு ஊர்க்காரங்க கேட்டுல கூடிட்டாங்க. பர்மிஷன் லெட்டர் கேக்கறாங்க" என்றார்கள். "நீங்க நடத்துங்க. அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்" என்று மகுடேஸ்வரன் சார் போகிற சத்தம் கேட்டது. செருப்பொலி தேய்ந்து மறைந்தது.

அப்போதுதான் விஜயராணி அந்த இன்னொரு சத்தத்தைக் கவனித்தாள். ஸ்டீம் அயர்ன் பெட்டியில் வாஷர் போனால் வருமே, மெல்லிய விசில், அந்த மாதிரி. வலது பக்கத்திலிருந்து வந்தது. நின்றது. மறுபடி வந்தது. ஒவ்வொரு தடவையும் முன்பைவிடக் குட்டையாக.

"அக்கா" என்றாள் உதட்டுக்குள்.

"சொல்லி... ப்போடாத... கண்ணு." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே விசில். "சரியா... போயிரும்."

சரியாகவில்லை. பக்கத்திலிருந்த தோள் ஏறி ஏறி இறங்கியது. சிமெண்டுத் தரையில் குதிகால் தேயும் சத்தம் கேட்டது. சத்தியம் பண்ணியிருக்கிறோமே என்று விஜயராணி நினைத்தாள். சொன்னால் பன்னிரண்டு வருட ஆசை போயிற்று. சொல்லாவிட்டால்? அதை நினைக்கக்கூட முடியவில்லை. இன்னும் பத்து எண்ணிப் பார்க்கலாம் என்று எண்ணினாள். ஆறு எண்ணுவதற்குள், ஜெயசுதாவின் தலை அவள் தோளில் வந்து கனமாக விழுந்தது.

"நோ பிளே" என்றாள் விஜயராணி.

யாருக்கும் கேட்கவில்லை. டிரம் அடித்துக்கொண்டிருந்தது.

"நோ பிளே!"

"ஏட்டி, நீ எதுக்கு ப்ளீஸுன்னு சொல்லுத?" சுடலை அண்ணாச்சியின் குரல் தலைக்கு மேலே சிரித்தது. "ஒன்ன அழத்தான சொல்லிருக்கு! அழு."

"இல்ல அண்ணாச்சி, நோ பிளே, நோ பிளே..."

"ப்ளீஸும் கெடையாது ஒண்ணுங் கெடையாது! வாய மூடு!" என்று அவர் வேடத்துக்குப் பொருத்தமாகத் தரையில் மிதித்தார். மற்றவர்கள் உற்சாகமாக டிரம்மை அடித்தார்கள். அரை மணி நேரமாக ஆறு பேர் நோ, ப்ளீஸ் என்று கதறிக்கொண்டிருந்த இடத்தில், துணிக்குள்ளிருந்து அழுதுகொண்டே ஒரு பெண் சொல்லும் நோ பிளே அவர்கள் காதில் வேறு எப்படி விழும்? மகுடேஸ்வரன் சாரின் வார்த்தை அந்த ஷெட்டில் செத்துப்போயிருந்தது.

தோளில் விழுந்த தலை அசையவில்லை. விசிலும் கேட்கவில்லை. விஜயராணி வாயைத் திறந்தாள். என்ன வரப்போகிறது என்று அவளுக்கே தெரியாது.

"ஊசி ஒடஞ்சிருச்சு! யாரும் நகராதீங்க!"

டிரம் நின்றது. பூட்ஸ் கால்கள் நின்றன.

கம்பெனியில் இந்த ஒரு கூச்சலுக்குத்தான் முதலாளியிலிருந்து ஹெல்பர் வரை எல்லாரும் நிற்பார்கள். மெஷின் ஊசி உடைந்து ஒரு துண்டு துணிக்குள் போய்விட்டால், அது எங்கோ ஒரு நாட்டில் ஒரு குழந்தையின் உடம்பில் குத்தும். மொத்தச் சரக்கும் திரும்பி வரும். அதனால் உடைந்ததும் கத்த வேண்டும். கத்தியதும் இருக்கிறவன் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். கடைசித் துண்டும் கிடைத்து, சேர்த்துவைத்துப் பார்க்கிற வரை பாத்ரூமுக்குக்கூடப் போக முடியாது. கடத்தல்காரர்கள் ஆறு பேரும் டெய்லர்கள். வருடக்கணக்காகப் பழகிய உடம்பு, மூளையைக் கேட்காமலே நின்றுவிட்டது.

விஜயராணி கையை இழுத்தாள். எலாஸ்டிக் நீண்டு கொடுத்தது. இழுத்தால் நீளும் என்பதுகூட அதுவரை பயத்தில் தோன்றவில்லை. தலைப்பையை உருவி எறிந்தாள். சுடலை அண்ணாச்சி பெடலிலிருந்து எடுத்தது போல வலது காலை அந்தரத்தில் தூக்கியபடி நின்றார். ஊர்க்காரி வேடத்தில் குடத்தோடு வாசலில் நின்ற சாரதாமணி அக்கா, குடத்தைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து தரையைத் துழாவிக்கொண்டே வந்தாள்.

"எங்க கண்ணு? எத்தனை துண்டு?"

"ஊசி இல்லக்கா! இந்த அக்காவுக்கு மூச்சு வரல!"

ஜெயசுதாவின் தலைப்பையை உருவினார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது. பிடுங்கிய பைகள் மேஜை மேல் குவிந்து கிடந்தன. விஜயராணி பாய்ந்து போய்ப் பழுப்புப் பையைக் கவிழ்த்தாள். சாக்ஸ். அதற்குள் நீல டப்பா. சாரதாமணி அக்கா தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள, எலாஸ்டிக்கையும் தலைப்பையையும் உருவிக்கொண்டு ஓடிவந்த பயிற்சிக்காரர் ஒருவர் அதைப் பிடுங்கிக் குலுக்கி வாயில் வைத்து அழுத்தினார். ஒரு தடவை. இன்னொரு தடவை. எல்லாரும் அந்த நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெதுவாக, வெகு தூரத்திலிருந்து வருவது போல, விசில் திரும்பி வந்தது.

எல்லாரையும் வெளியே மரத்தடிக்குக் கொண்டுவந்தார்கள். ஜெயசுதாவைப் பக்கத்துச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தார்கள். அந்த அமளியில் டப்பா எப்படியோ மூடி போட்டு விஜயராணியின் கைக்கே வந்து சேர்ந்திருந்தது. மகுடேஸ்வரன் சார் ஓடிவந்தார். நாடி பிடித்துப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போக வேனைத் திருப்பச் சொன்னார். பிறகுதான் விஜயராணியின் கையைப் பார்த்தார்.

"இது யாருது?"

பயிற்சிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுடலை அண்ணாச்சி முகத்துத் துணியை அவிழ்த்துக் கையில் கசக்கிக்கொண்டே, "நான் ப்ளீஸ்னுல்லா நெனச்சேன் சார், தாயாண சத்தியமா ப்ளீஸ்னுதான் கேட்டுச்சு" என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

"என்னுது சார்" என்றாள் விஜயராணி.

"ஒன்னுதா?"

"எனக்குத்தான் சார் வீசிங். அந்த அக்காவுக்குச் சும்மா மயக்கம். நாந்தான் கொடுத்தேன்." வாழ்க்கையில் அவள் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"சரி. நீயும் ரொம்பப் பயந்திருக்க. நீயும் ஒரு தடவ எடுத்துக்க."

அவள் டப்பாவை வாயில் வைத்து அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. பலமாக அழுத்தினாள். மூடியைக் கழற்றவில்லை என்பது சுற்றி நின்ற எல்லாருக்கும் தெரிந்தது, அவளைத் தவிர.

மகுடேஸ்வரன் சார் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "பாரும்மா, ஒன்ன ஒண்ணும் சொல்லல. இவங்க போற எடத்துல பக்கத்து ஆஸ்பத்திரிக்கே ஒரு நாள் பயணம். ஒருத்தருக்கு முடியாமப் போனா தூக்கிட்டுப் போக நாலு பேர் வேணும். அந்த நாலு பேரை நம்பி அங்க வேற உயிருங்க இருக்கும். அதுக்குத்தான் கேக்கறேன். யாருது?"

"என்னுதுதான்" என்றாள் விஜயராணி. கண்ணீர் தாவணியில் சொட்டியது. "என்னுதுதான் சார்."

ஜெயசுதா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சாரதாமணி அக்கா தாங்கப் போனபோது வேண்டாம் என்று கையைக் காட்டினாள். நாலைந்து அடி நடந்து வந்து விஜயராணியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து டப்பாவை எடுத்துக்கொண்டாள். மூடியைக் கழற்றினாள். நான்கு தடவை குலுக்கினாள். உள்ளிருந்த மூச்சையெல்லாம் வெளியே விட்டு, மகுடேஸ்வரன் சாருக்கு நேராக நின்று, வாயில் வைத்து அழுத்தினாள். நோயாளிக்குச் சொல்லிக்கொடுக்கிற நர்ஸைப் போலவே, கண்ணை மூடி மூச்சைப் பிடித்து நிறுத்தி, நிதானமாக விட்டாள்.

பிறகு கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

ஒரு சொல்லாவது சொல்வாள், சத்தியத்தை மீறிவிட்டாயே என்று திட்டவாவது செய்வாள் என்று விஜயராணி நின்றுகொண்டிருந்தாள். ஜெயசுதா பழுப்புப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவளைத் தாண்டிப் போய் வேனில் ஏறினாள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள், நேரே பார்த்தாள். கதவு சரிந்து மூடியது. கேட்டில் கூடியிருந்த ஊர்க்காரர்கள் விலகி வழிவிட, வேன் போயிற்று.